இருபது வருடச் சர்க்கரை

காலை நாலரை மணிக்கு ருவைஸில் திறந்திருக்கும் கடைகள் குறைவு. தொழிலாளர் பேருந்துகள் திரும்பும் வளைவை ஒட்டி மலப்புறத்துக்காரர் ஒருவர் நடத்தும் கஃபட்டீரியா அவற்றில் ஒன்று. பெரிய கெட்டிலில் கரக் சாய் கொதித்துக்கொண்டிருக்கும். தேயிலை, ஏலக்காய், டின்பால், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, செங்கல் நிறம் வரும்வரை விட்டுவிடுவார். கடக் என்ற இந்திச் சொல்தான் அரபு நாக்கில் கரக் ஆயிற்று. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் காகிதக் கோப்பையை வாங்கி, ஊதி, மூன்று நிமிடத்தில் குடித்து முடித்து ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறுவார்கள்.

"ஒரு கெட்டிலுக்கு எவ்வளவு சர்க்கரை போடுவீங்க இக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு கிலோ பாக்கெட்டில் கொஞ்சம் மிச்சம் வைப்பேன்" என்றார்.

கெட்டிலுக்கு அறுபது கோப்பை. மிச்சத்தை நூறு கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோப்பைக்கு 15 கிராம், ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி. கணினித் துறையில் இருபது வருடம் இருந்தவனுக்கு எதையும் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த வருட மருத்துவப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 என்று வந்திருந்தது. 5.7க்கும் 6.4க்கும் இடையில் இருப்பவர்கள் நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள். எடை 86 கிலோ. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. சித்தப்பா.

சித்தப்பா 1992இல் பைப் ஃபிட்டராக ருவைஸுக்கு வந்தார். அபுதாபியிலிருந்து சவூதி எல்லைக்குப் போகும் சாலையில் 240 கிலோமீட்டர் மேற்கே, உப்புச் சதுப்புக்கும் கடலுக்கும் நடுவே எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நகரம் இது. வரும்போது அவர் எடை 56 கிலோ. நான் 2011இல் மென்பொருள் ஆலோசகனாக இதே ஊருக்கு வந்தபோது அவரைக் கண்டு சிரித்துவிட்டேன். வயிறு சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டிருந்தது. மறுவருடம் ஜூலையில் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். வெயில் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரத்தத்தில் சர்க்கரை 380. 2016இல் ஊர் திரும்பியபோது இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

1992இலிருந்து 2012: இருபது வருடம். இந்த இருபதை நான் அதற்கு முன்பே ஒரு புத்தகத்தில் பார்த்திருந்தேன்.

இங்கிலாந்தில் முதுகலை படித்த காலத்தில், பழைய புத்தகக் கடையில் இரண்டு பவுண்டுக்கு ஒரு மருத்துவ நூல் வாங்கினேன். 1966இல் வெளிவந்தது. எழுதியவர்கள் இருவர்: பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் கிளீவ், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மருத்துவர் ஜார்ஜ் கேம்பெல். நீரிழிவு, இதயக்குழாய் அடைப்பு இரண்டையும் 'சாக்கரைன் டிசீஸ்' என்ற ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்த நூல். தலைப்பின் வேடிக்கைக்காகத்தான் வாங்கினேன். சர்க்கரா என்ற நம் பக்கத்துச் சொல் கிரேக்கத்துக்குப் போய் சாக்கரான் ஆகி, ஆங்கிலத்தில் சாக்கரைன் ஆயிற்று. பாரசீகம் வழியாக அரபுக்குப் போனது சுக்கர். கிளீவ் பெரிய கண்டுபிடிப்பாக வைத்த பெயரை என் பாட்டி எந்தக் கல்லூரிக்கும் போகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்: சர்க்கரை வியாதி. யாழ்ப்பாணத்து நண்பர்கள் சீனி வருத்தம் என்பார்கள். என் அம்மாவுக்கு வெள்ளைச் சர்க்கரை இன்றும் அஸ்காதான். 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்த கஞ்சம் மாவட்டத்து ஊரின் பெயர் அது. அங்கே ஓடிய ஆலையின் வெள்ளைச் சர்க்கரை ஊர்ப்பெயரையே எடுத்துக்கொண்டு நம் மளிகைக் கடைகளுக்கு வந்தது.

புத்தகத்தைச் சித்தப்பா மயங்கி விழுந்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். அதில் கேம்பெல்லின் பகுதிகளில் வரும் நோயாளிகள் நம் ஆட்கள்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியே போனவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம், தொடக்கத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, கூடவே அளந்து கொடுக்கும் அரிசியும் பருப்பும். மொரீஷியஸுக்கு 1834 முதல், பிறகு பிரெஞ்சுத் தீவுகளுக்கு, ஃபிஜிக்கு என்று தமிழன் கடல் கடந்த பாதைகளைப் பார்த்தால் பல கரும்பின் பாதைகள். ஐரோப்பாவின் தேநீர்க் கோப்பையில் போடும் கட்டிக்காகத்தான் இத்தனை கப்பல்கள்.

கேம்பெல் டர்பனின் கிங் எட்வர்ட் மருத்துவமனையில் 1950களில் நீரிழிவு நோயாளிகளைப் பார்த்துவந்தார். அங்கே வந்தவர்கள் சூலு மக்களும், அந்தக் கரும்புக் கூலிகளின் பேரப்பிள்ளைகளும். நேட்டால் இந்தியர்களிடம் நீரிழிவு மிக அதிகம். அக்காலத்தில் இந்தியாவிலிருந்த அவர்களது உறவினர்களிடம் அந்த அளவு இல்லை. இரத்தம் ஒன்று, மாறியது சாப்பாடு. நேட்டாலில் ஆளுக்குச் செலவாகும் சர்க்கரை இந்தியாவைவிடப் பல மடங்கு. சூலு மக்களிடம் அவர் வேறொன்றைக் கவனித்தார். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த ஆளுக்கு நோய் உடனே வருவதில்லை. நகரச் சாப்பாட்டுக்கு மாறி ஏறத்தாழ இருபது வருடம் கழித்து வருகிறது. விதை போட்டவன் மறந்துபோன பிறகு முளைக்கிற செடி மாதிரி.

இதே நேரத்தில் ஜெருசலேமில் அஹரோன் கோஹன் என்ற மருத்துவர் யேமனிலிருந்து வந்த யூதர்களைப் பரிசோதித்தார். 1949-50இல் விமானத்தில் வந்திறங்கியவர்களிடம் நீரிழிவு அரிதாக இருந்தது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே வந்து குடியேறிவிட்ட யேமனியர்களிடம் ஏனையோருக்கு இருக்கும் அளவு இருந்தது. இரண்டு கூட்டத்தின் சாப்பாட்டையும் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது சர்க்கரை. யேமன் நாங்கள் இருக்கும் இதே தீபகற்பத்தின் தெற்கு மூலை.

கோஹனும் கேம்பெல்லும் கிளீவும் 1973இல் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அப்போது உலகம் கொழுப்பைத் துரத்திக்கொண்டிருந்தது. 1967இல் கொழுப்பின்மேல் பழியைப் போட்டுச் சர்க்கரையைத் தப்பவிட்ட ஒரு ஹார்வர்ட் ஆய்வுக் கட்டுரைக்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு பணம் கொடுத்திருந்தது. அது 2016இல்தான் வெளியே வந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பிரேக் போட வேண்டும். சித்தப்பா மீதுள்ள பாசத்தில் கேம்பெல்லின் இருபது வருடக் கணக்கை நான் வேதமாக்கிக்கொண்டேன். உண்மை அவ்வளவு நேர்க்கோடு இல்லை. 1980களில் ஃபிஜியில் நடந்த ஆய்வு ஒன்று கேம்பெல்லுக்குச் சங்கடமானது. அங்குள்ள மெலனீசிய மக்களிடம் கிராமத்தில் குறைவாகவும் நகரத்தில் அதிகமாகவும் நீரிழிவு இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். இந்திய வம்சாவளி ஆண்களிடமோ கிராமம், நகரம் இரண்டிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் இருந்தது. வயலில் உழைத்தாலும் விடவில்லை. அப்படியென்றால் உடம்பிலேயே ஏதோ இருக்கிறது.

அந்த ஏதோவை 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் எனக்குப் புரியவைத்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மில் ஒல்லியாகத் தெரிகிறவனும் உள்ளே பருத்தவன். வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் உடல்வாகு. அதனால்தான் நமக்கு 25க்குப் பதிலாக 23லேயே எச்சரிக்கை மணி அடிக்கச் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட உடம்பில் சர்க்கரை என்ன செய்கிறது? சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் எரிக்கும். ஃப்ரக்டோஸில் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது. தேவைக்கு மேல் தொடர்ந்து வந்தால் அங்கே கொழுப்பாகிறது. எடைக் கணக்கு வேறு. 2013இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு பல சோதனைகளை ஒன்றாகப் பார்த்தது. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்குச் சராசரியாக 0.8 கிலோ குறைந்தது. கூட்டச் சொல்லப்பட்டவர்களுக்கு ஏறக்குறைய அதே அளவு கூடியது. ஆனால் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே கலோரிக்கு வேறு மாவுச்சத்தை வைத்தபோது எடை மாறவில்லை. அதாவது சர்க்கரையில் மந்திரம் எதுவும் இல்லை. தெரியாமல் உள்ளே போய்விடுவதுதான் அதன் சாமர்த்தியம்.

திரவமாகப் போனால் இன்னும் சுலபம். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக நெதர்லாந்தில் 641 பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை வருடம் தினமும் 250 மில்லி பானம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை கலந்தது, மீதிப் பேருக்குச் சர்க்கரை இல்லாத இனிப்பு. யாருக்கு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. முடிவில் சர்க்கரைக் கூட்டம் ஒரு கிலோ அதிகமாகக் கூடியிருந்தது. ஒரு நாளுக்கு ஒரு டம்ளர் வித்தியாசம், அவ்வளவுதான். குடித்த கலோரிக்கு ஈடாக வயிறு சோற்றைக் குறைத்துக்கொள்வதில்லை.

இதை வைத்துச் சித்தப்பாவின் ஒரு நாளைக் கணக்குப் போட்டேன். பேருந்துக்கு முன் ஒரு கரக், வேலையிடத்தில் இரண்டு, மதியத்துக்குப் பின் ஒன்று, திரும்பியதும் ஒன்று, இரவு அறைக்காரர்களோடு ஒன்று. ஆறு கோப்பை, 90 கிராம். மதியச் சோற்றோடு ஒரு கேன் குளிர்பானம், 35 கிராம். மொத்தம் 125 கிராம், 500 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன மேல்வரம்பு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராம். 25க்குக் கீழ் இருந்தால் இன்னும் நல்லது. சோறு வேறு தனியாக மலைபோல் இருந்தது.

"அவ்வளவு குடிக்கணுமா சித்தப்பா?" என்று போனில் கேட்டேன்.

"அஞ்சு மணிக்கு பஸ்ஸுடா. மெஸ்ஸுல நாலு மணிக்கே வரிசை. தூங்குறதா, சாப்பிடறதா? ஒரு டீ அடிச்சா பத்து மணி வரைக்கும் தாங்கும்."

அவருக்கு அது டீ இல்லை, காலைச் சாப்பாடு. முதல் பதிமூன்று வருடம் உடம்பு அதை எரித்துவிட்டது. சாரத்தில் ஏறி, குழாயைத் தோளில் சுமந்து, 45 டிகிரியில் வேர்த்து எரித்தது. 2005இல் ஃபோர்மேன் ஆக்கினார்கள். ஏறுவது நின்றது, டீ நிற்கவில்லை. எடை கூடியதெல்லாம் அதற்குப் பிறகுதான். பதவி உயர்வுக்கு ஊரில் கிடா வெட்டினோம்.

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு அனுப்பும் ஊர்களில் ஒன்று. அங்கே பாரி கம்பெனி 1842இலேயே சர்க்கரை ஆலை வைத்துவிட்டது. சிறுவயதில் கரும்பு லாரியின் பின்னால் ஓடி உருவித் தின்றது எங்கள் தலைமுறை. ஒரு முழக் கரும்பைக் கடித்து முடிக்கத் தாடை வலித்துவிடும். வீட்டில் தேநீருக்கு வெல்லம், விருந்தாளி வந்தால் அஸ்கா. கரும்பு இந்த மண்ணுக்கு எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டது என்பது புறநானூற்றிலேயே இருக்கிறது. அதியமானின் முன்னோர் கொண்டுவந்ததாக ஔவை சொல்கிறாள். இரண்டாயிரம் வருடம் கரும்பு பக்கத்திலேயே இருந்தும், அது ஒரு தேக்கரண்டியில் அடங்கும் பொருளாக மலிவாகும் வரை நம்மைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. (இப்போது கருப்பட்டிக் காப்பி குடித்தால் சர்க்கரை ஏறாது என்று சொல்லி அபுதாபியில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். கருப்பட்டியில் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். இரத்தத்துக்கு அதன் பூர்வீகம் தெரியாது.)

வளைகுடாவிலோ கரும்பு விளைச்சல் அரிது. ஆனால் துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தில் உலகின் மிகப் பெரிய சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று இருக்கிறது. பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து பழுப்புச் சர்க்கரை கப்பலில் வந்து வெள்ளையாகிப் போகிறது. இந்தக் கரையில் எண்ணெயும் சர்க்கரையும் ஒரே விதமாக நடக்கின்றன.

நோயும் அப்படியே வந்து சேர்ந்தது. 2012-13இல் வடக்கு அமீரகங்களில், குறைந்தது நான்கு வருடம் இங்கே வாழ்ந்த வெளிநாட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்கு நீரிழிவு. ஊரில் மட்டும் குறைவா என்றால் இப்போது இல்லை. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் என்று 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. கேம்பெல் அன்று பார்த்த நேட்டால்-இந்தியா இடைவெளி அநேகமாக மூடிவிட்டது. இந்தியாவே டர்பன் ஆகிவிட்டது. அதில் நமக்கும் ஒரு கை உண்டு. விடுமுறைக்குப் போகும்போது நாம் கட்டிய பெட்டியில் என்ன இருந்தது? டேங்க் பொடி, சாக்லேட், டின்பால். கையில் கொஞ்சம் காசு வந்ததற்கு அடையாளம் இனிப்புதான். நானும் கொண்டுபோயிருக்கிறேன். சித்தப்பா பையனுக்கு ஆறு வயதில் அந்த ஆரஞ்சுப் பொடியை நக்கிக்கொண்டே இருப்பான்.

கரும்பு கூலிகளைக் கொண்டுபோன ஊர்கள் ஒவ்வொன்றாக இன்று அதே சர்க்கரைக்கு வரி போடுகின்றன. மொரீஷியஸ் 2013இல் குளிர்பானத்தில் உள்ள சர்க்கரையைக் கிராம் கணக்கில் அளந்து வரி விதித்தது. தென்னாப்பிரிக்கா 2018 ஏப்ரலில். அமீரகம் 2017 அக்டோபரில் வாயு நிரப்பிய பானங்களுக்கு 50 சதவீதமும், எனர்ஜி பானங்களுக்கு 100 சதவீதமும் போட்டது. நான் வந்தபோது ஒன்றரை திர்ஹமாக இருந்த கேன் ஒரே இரவில் இரண்டேகால் ஆனது. 2019 டிசம்பரில் மற்ற இனிப்புப் பானங்களும் சேர்ந்தன. 2026 ஜனவரி முதல் நூறு மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதைப் பொறுத்து வரி. நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். கடைகளில் சர்க்கரை இல்லாத கேன்களின் வரிசை நீண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் கடையில் அங்கேயே போட்டு, மூடாத கோப்பையில் ஊற்றிக் கொடுக்கும் பானம் இதில் வராது. கரக் சாய்க்கு வரி இல்லை.

சித்தப்பாவின் பையன் இப்போது இருபத்து நான்கு வயதில் கருவிப் பராமரிப்பு வேலைக்கு ருவைஸுக்கே வந்திருக்கிறான். எடை 58. அவன் கேம்பெல்லைப் படிக்கப் போவதில்லை. நானும் வாரம் ஒரு முறை அவனைப் பிடித்துப் பிரசங்கம் செய்வதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் அதிகாலையில் எழுந்து அந்தக் கஃபட்டீரியாவுக்கு அவனோடு போனேன்.

"வித்தவுட் ரெண்டு குடுங்க இக்கா" என்றேன். சர்க்கரை இல்லாத டீக்கு இங்கே அதுதான் பெயர்.

இக்கா கெட்டிலைக் காட்டினார். சர்க்கரை ஏற்கெனவே உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. வித்தவுட் என்றால் தனிப் பாத்திரத்தில் போட வேண்டும். அந்த அடுப்பில் இப்போது பரோட்டா. அவருக்குப் பின்னால் வரிசை சாலை வரை நீண்டிருந்தது.

"ஏழு மணிக்கு மேல வாங்க சார், தனியா போட்டுத் தரேன்."

"பரவாயில்லண்ணே" என்று தம்பி ஒரு கரக்கை வாங்கிக்கொண்டான். பேருந்தின் விளக்கு வளைவில் திரும்பியது. ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.